6,500-ஆ, 24,000-ஆ? ஒரு டைமிங் பெல்ட்டின் கணக்கு

கேட்ட தம்பி தென்காசிக்காரர். 2014 மாடல் ரெனோ டஸ்டர், 1.5 டீசல். மூன்று வருடம் முன்பு கேரளாவில் பத்தனாபுரம் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். பழைய ஓனர் டைமிங் பெல்ட் மாற்றினாரா என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. மாமனார் வீடு புனலூர், அதனால் மாதம் இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிறார். புனலூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் 24,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். தென்காசியில் ஒருவர் 6,500-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். "ஒரே பெல்ட்டுக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம்? இதில் யார் என்னை ஏமாற்றுகிறார்?" என்பது கேள்வி.

தம்பி, அநேகமாக இரண்டு பேருமே ஏமாற்றவில்லை. இரண்டு வேறு வேலைக்கு இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். 6,500 என்றால் பழைய பெல்ட்டைக் கழற்றிப் புதிய பெல்ட்டைப் போடுவது, அதோடு முடிந்தது. 24,000 என்றால் பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட், அதைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல், வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட் எல்லாம் சேர்ந்திருக்கும். அதற்கு மேல் தேவையில்லாத ஒன்றிரண்டும் உள்ளே நுழைந்திருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். நான் செங்கோட்டையில் 27 வருடமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருப்பதால் கேஎல் வண்டியும் டிஎன் வண்டியும் என் கடையில் பாதிக்குப் பாதி நிற்கும். இந்த வேலையை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். ஒரு தடவை தப்பாகவும் செய்திருக்கிறேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அந்த பெல்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அடியில் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது, பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. மேலே கேம் ஷாஃப்ட் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும், ஒரு பல்கூடப் பிசகக் கூடாது. இந்த இரண்டையும் கட்டிவைத்திருப்பது ரப்பரும் கண்ணாடி இழைக் கயிறும் சேர்ந்த பல் வைத்த பெல்ட்தான். உங்கள் டஸ்டரில் இருக்கும் கே9கே எஞ்சினில் அதே பெல்ட்தான் டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்பையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடும். சராசரி 40 கிலோமீட்டர் வேகம், 2,000 ஆர்பிஎம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் கிராங்க் 30 கோடி சுற்று சுற்றியிருக்கும். அத்தனை சுற்றையும் தாங்குவது விரல் அகலத்தில் ஒரு ரப்பர் பட்டை.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்துக்கும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இடமே கிடையாது. அந்த நெருக்கத்தில்தான் காற்று அழுந்திச் சூடாகி டீசல் எரிகிறது. பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும். கிராங்க் தன் வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். உங்கள் எஞ்சினில் எட்டு வால்வு. நல்ல காலமாக இருந்தால் நான்கு வளையும், இல்லையென்றால் எட்டும். கேம் உடையலாம், பிஸ்டன் தலையில் பள்ளம் விழலாம். ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, ஹெட் கேஸ்கெட், புது ஹெட் போல்ட் எல்லாம் போட்டு மூடும்போது 50,000-க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. ஒரு லட்சம் தாண்டியதும் உண்டு. வண்டி பத்து நாள் நிற்கும். பழைய பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு போய்விடும். டீசலில் அந்தச் சலுகை கிடையாது.

என் தப்பைச் சொல்கிறேன். கடை வைத்து மூன்றாம் வருடம், ஒரு டாக்சிக்காரர் வந்தார். டீசல் கார். சபரிமலை சீசனுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, கையில் காசு இல்லை, பெல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள் அண்ணாச்சி என்றார். டென்ஷனர் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, ஆட்டமும் இல்லை. சரி என்று அதையே திரும்பப் போட்டு மூடினேன். 14,000 கிலோமீட்டர் ஓடியது. தென்மலை தாண்டி ஒரு ராத்திரி பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட புது பெல்ட் நின்றுபோன அந்த உருளையில் உரசிக் கருகி அறுந்தது. உள்ளே ஐந்து பேர் மாலை போட்ட சாமிகள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வால்வு வேலை முழுக்க என் செலவில் செய்து கொடுத்தேன். அந்தப் பணம் எப்போதோ மறந்துபோயிற்று. இருட்டில் அந்த வளைவில் ஒரு குழந்தையும் சேர்த்து ஐந்து பேர் நின்றது மறக்கவில்லை. அன்றிலிருந்து பெல்ட் மட்டும் என்று யார் கேட்டாலும் நான் செய்வதில்லை.

ஏனென்றால் பேரிங்கின் ஆயுள் கையால் சுற்றினால் தெரியாது. உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்துகொண்டே வரும்; சுமை ஏறிச் சூடான பிறகுதான் அது குணத்தைக் காட்டும். பழைய பெல்ட்டோடு அதுவும் அத்தனை கிலோமீட்டரும் சுற்றியிருக்கிறது. வாட்டர் பம்புக்கும் இதே கதைதான். அது உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டுக்குள்ளேயே இருப்பதால், ஆறு மாதம் கழித்து ஒழுக ஆரம்பித்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒழுகும் கூலன்ட் புது பெல்ட்டையும் கெடுத்துவிடும்.

இந்த வேலையில் காசு தின்பது பெல்ட் அல்ல, திறப்பதுதான். டஸ்டரில் வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள் ஃபெண்டரை எடுத்து, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிவைத்து, அந்தப் பக்கத்து எஞ்சின் மவுண்டைக் கழற்றி, ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, கவர் எல்லாம் எடுத்த பிறகுதான் டைமிங் பெல்ட் கண்ணில் படும். பெல்ட் மட்டும் மாற்றினாலும் இதே வேலை, வாட்டர் பம்பு வரை மாற்றினாலும் ஏறக்குறைய இதே வேலைதான். திறந்த வீட்டில் செய்ய வேண்டியதை ஒரே நாளில் செய்து மூடுவதுதான் சிக்கனம்.

இனி விலை. நான் சொல்வது இப்போது எங்கள் பக்கத்தில் நடக்கிற தோராயக் கணக்கு. பிராண்டையும் ஊரையும் பொறுத்து ஏறும் இறங்கும். உங்கள் வண்டிக்கு பெல்ட்டும் டென்ஷனரும் சேர்ந்த கிட் 5,000-லிருந்து 8,000. கேட்ஸ், காண்டினென்டல், ஐஎன்ஏ, டேகோ, இவற்றில் எது கிடைத்தாலும் நல்லது, கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. வாட்டர் பம்ப் 2,500-லிருந்து 4,500. கூலன்ட் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. ஃபேன் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் 2,000-லிருந்து 5,000. கிராங்க், கேம் முன்பக்க ஆயில் சீல்கள் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான். கிராங்க் புல்லி போல்ட்டும் அப்படியே. அது இறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை; ஒரு தடவை கழற்றினால் புதிது போடுவதுதான் முறை. கூலி 3,500-லிருந்து 6,000. புனலூர், கொட்டாரக்கரை பக்கம் கூலி நம்மூரைவிடக் கொஞ்சம் அதிகம். உதிரி பாகத்தில் மாநில எல்லை பெரிய வித்தியாசம் செய்யாது, பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஜிஎஸ்டியும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன்பு வாங்கிய எஸ்டிமேட்டாக இருந்தால் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 15,000-லிருந்து 26,000 வரை போகலாம்; எல்லாமே உச்ச விலையில் வருவது அபூர்வம் என்பதால் பெரும்பாலும் 16,000-லிருந்து 22,000-க்குள் நிற்க வேண்டும். 24,000 கொஞ்சம் அதிகம், அநியாயம் இல்லை. எஸ்டிமேட்டை வரி வரியாகக் கேளுங்கள். இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் ஃப்ளஷ், ஏசி சர்வீஸ் என்று ஏதாவது இருந்தால் அதற்கும் டைமிங் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை, அடித்துவிடுங்கள். அந்தப் பக்கம் மலையாளத்தில் கேட்பதானால் "கிட் ஆணோ, பெல்ட் மாத்ரமோ? வாட்டர் பம்ப் கூட்டத்தில் உண்டோ?" (கிட்டா, பெல்ட் மட்டுமா? வாட்டர் பம்பும் சேர்த்தா?) என்று கேட்டால் போதும், விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துகொண்டு பேசுவார்கள்.

ஃபேன் பெல்ட்டை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், அது வெளியே இருக்கிற பெல்ட்தானே, பிறகு பார்க்கலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஃபேன் பெல்ட் ஓரம் நைந்து நார் நாராகக் கிழியும். அந்த நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் இழுபட்டு டைமிங் கவருக்குள் போனால் டைமிங் பெல்ட்டையே பல் பிசகவைத்துவிடும். 2,000 ரூபாய் பெல்ட் 60,000 ரூபாய் எஞ்சினைத் தின்றதை நான் இரண்டு வண்டியில் பார்த்திருக்கிறேன்.

92,000-தானே ஆகியிருக்கிறது, இன்னும் ஓட்டலாமா என்று கேட்பீர்கள். கிலோமீட்டர் ஒரு பக்கம், வருடம் இன்னொரு பக்கம். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. எஞ்சினுக்கு எஞ்சின் 60,000-லிருந்து 1,50,000 வரை கெடு மாறும், உங்கள் வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும். அதில் கடினமான சூழலில் ஓட்டுபவர்களுக்கு என்று தனியாக ஒரு பகுதியும் இருக்கும். அதைப் படியுங்கள், ஏனென்றால் புளியரை ரோடு அந்தப் பகுதியில்தான் வரும். எஸ் வளைவில் எம்சாண்ட் லாரிக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து கோட்டைவாசல் போய்ச் சேரும்போது மீட்டரில் ஏறியிருப்பது சில கிலோமீட்டர்தான். எஞ்சின் அதற்குள் எத்தனை ஆயிரம் சுற்று சூட்டோடு சுற்றியிருக்கும்! அந்த ஓட்டம் மீட்டரில் பதிவதில்லை. ரப்பரோ நின்றாலும் வயதாகும். உங்கள் வண்டிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பெல்ட் மாற்றிய சீட்டு கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு, கேரளாவிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் அவர்கள் சிஸ்டத்தில் இருக்கும் சர்வீஸ் வரலாற்றைப் பார்த்துச் சொல்வார்கள். மீட்டர் பின்னால் சுற்றப்பட்டதா என்பதும் அதில் தெரியலாம். 2019-ல் 1,10,000 என்று பதிவாகியிருந்தால் உங்கள் 92,000-க்கு அர்த்தமில்லை. இரண்டு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பல கைமாறி நம் பக்கமும் வந்திருக்கின்றன. உங்கள் வண்டி அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவரைத் திறக்கும்போது உள்ளே காய்ந்த மண் படிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கோடு நின்று பாருங்கள். சேறு போன பேரிங் எதையும் விட்டுவைக்கக் கூடாது.

பெல்ட் தேய்ந்தால் முன்கூட்டியே சத்தம் கொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். பேரிங்கோ வாட்டர் பம்போ கிர்ரென்று சத்தம் கொடுக்கலாம். பெல்ட் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. வெடிப்பு இல்லை, பல் நன்றாக இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்ன பெல்ட்டும் அறுந்திருக்கிறது. இப்போதைய பெல்ட்டுகள் உள்ளே இருக்கும் கயிறு தளர்ந்து போகும்வரை வெளியே புதிதுபோலத்தான் இருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எல்லா வண்டியிலும் பெல்ட் கிடையாது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா 1.3 டீசலில் இருப்பது செயின். ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலும் செயின்தான். செயினுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கெடு கிடையாது, ஆனால் ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் அதுவும் நீண்டு சலசலக்கும். பழைய 800, ஆம்னி, ஆல்டோ 800 சிசி, சான்ட்ரோ எல்லாம் பெல்ட். அவற்றில் மொத்த வேலையும் 2,500-லிருந்து 5,000-க்குள் முடியும், தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ டீசல்களும் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.5 டீசலும் பெல்ட். போலோ டீசலில் வாட்டர் பம்போடு செய்தால் வெளியே 18,000-லிருந்து 28,000, கம்பெனியில் அதற்கும் மேல் ஆகும். பழைய இன்னோவா 2.5 டீசலில் பெல்ட்தான், ஆனால் சின்ன பெல்ட், வாட்டர் பம்ப் அதில் வராது, எஞ்சின் நேராக நீளவாக்கில் இருப்பதால் கைவைக்க இடமும் இருக்கும். அதில் கெடு வந்தால் டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு பெல்ட்டை மாற்றாமல் விற்ற வண்டியும் என் கடைக்கு வந்திருக்கிறது, அதனால் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கிரிஸ்டா 2.4-ல் செயின்.

சரி, யாரிடம் கொடுப்பது? ஊரை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். உங்கள் எஞ்சினுக்கு கிராங்கை ஓரிடத்தில் நிறுத்த ஒரு பின், கேம் புல்லியை நிறுத்த ஒரு பின் என்று லாக்கிங் கருவி வேண்டும். "பின் இருக்கிறதா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். பெயின்ட் குறி வைத்துப் பழைய பெல்ட்டை எடுத்துப் புதியதை அதே குறியில் மாட்டுவேன் என்று சொன்னால் அங்கே கொடுக்க வேண்டாம். ஏற்கனவே ஒரு பல் பிசகியிருந்தால் அந்தப் பிசகையும் சேர்த்துத்தான் அவர் மாட்டுவார். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க் புல்லி போல்ட்டை இம்பாக்ட் கன் வைத்துக் கண்மூடி இறுக்குவது பெரிய ஆபத்து. பெல்ட் போட்டு டென்ஷன் வைத்த பிறகு, பின்களைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால், ஸ்பேனர் வைத்து, ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பின் சரியாக உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாமல் சாவியைத் திருப்புபவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் அது சூதாட்டம்தான்.

பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது கிட் பெட்டியை நீங்கள் பார்க்க, உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். போலிகள் நிறைய நடமாடுகின்றன. பில்லில் தேதி, கிலோமீட்டர், பாகத்தின் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். கவர் மேல் மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடச் சொல்லுங்கள். நாளைக்கு வண்டியை விற்றாலும் வாங்குபவருக்கு உங்களைப்போல இந்தக் குழப்பம் வராது.

உங்கள் விஷயத்தில் என் முடிவு இது. தென்காசிக்காரரிடம் பின்னும் டார்க் ரெஞ்சும் இருந்தால், முழுக் கிட், வாட்டர் பம்ப், சீல், ஃபேன் பெல்ட் என்று சொல்லி அவரிடமே மறுபடி விலை கேளுங்கள். 16,000, 17,000-க்கு வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் புனலூர்க்காரரிடம் தேவையில்லாததை நீக்கிவிட்டு அங்கேயே செய்யுங்கள். வண்டியை மாமனார் வீட்டில் ஒரு நாள் விட்டுவிட்டு வரலாமே, அது வசதிதான். ஆனால் பெல்ட்டை மாற்றத்தான் மலை ஏறுகிறேன் என்று பழைய பெல்ட்டோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். தனியாகப் போங்கள், பகலில் போங்கள், பொறுமையாக ஏறுங்கள். அதுவரை மாமனார் வீட்டுப் பயணத்துக்குச் செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுங்கள், புனலூருக்கு நேராகவே போகிறது.

ஒருவேளை அதற்குள் வழியில் எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால், இறக்கத்தில் பயப்படாமல் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக்கில் மிச்சமிருக்கும் உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள், கூடவே ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள். நின்ற பிறகு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அப்புறம் சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்ய யாரையும் கூப்பிடவும் வேண்டாம். அறுந்தது பெல்ட்டாக இருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் இன்னொரு வால்வு வளையலாம். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டு, நியூட்ரலில் ஏற்றி அனுப்புங்கள்.

வேலை முடிந்து எடுத்தபின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை வாரம் ஒரு தடவை, எஞ்சின் நன்றாக ஆறிய காலையில், கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். புது வாட்டர் பம்ப் சரியாக உட்காரவில்லையென்றால் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். மட்டம் இறங்கினால் அன்றைக்கே போட்டவரிடம் கொண்டுபோங்கள்.